கோல்ஃப் சொல்லிக்கொடுக்க எந்தக் கருவி வாங்கலாம்? – வாசகர் கேள்வி, பயிற்சியாளர் பதில்

நம் பயிற்சியாளர் சிங்கப்பூரில் கோல்ஃப் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) பந்து பொறுக்கும் வேலையில் சேர்ந்து, அங்கேயே உதவிப் பயிற்சியாளராக உயர்ந்தவர். இப்போது பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறார். கருவிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் அவர் பதில் தருகிறார்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் எழுபதாயிரம் ரூபாய் திரட்டித் தந்திருக்கிறார்கள். கோல்ஃப் வகுப்பு தொடங்க ஆசை. அந்தப் பணத்தில் ஒரு லாஞ்ச் மானிட்டர் வாங்கிவிடலாமா? கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போனும் சில பழைய கிளப்புகளும் (கோல்ஃப் மட்டைகளும்) தான்.
– உடற்கல்வி ஆசிரியர், மன்னார்குடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம் சார். லாஞ்ச் மானிட்டர் என்பது பந்துக்குப் பின்னாலோ பக்கத்திலோ வைக்கிற சின்னப் பெட்டி. பந்து என்ன வேகத்தில் கிளம்பியது, எந்தக் கோணத்தில் ஏறியது, எவ்வளவு தூரம் பறந்தது என்று எண்ணாகச் சொல்லும். இன்றைக்குத்தான் கிளப்பைக் கையில் பிடிக்கிற பிள்ளைக்கு அதில் ஒரு எண்ணும் உதவாது. அவனுக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். கிளப் முதலில் பந்தைத் தொட்டதா, மண்ணைத் தொட்டதா? பந்து கிளப் முகத்தில், அதாவது பந்தை அடிக்கிற தட்டைப் பக்கத்தில், எந்த இடத்தில் பட்டது?

முதல் விஷயத்துக்குக் கோலமாவு போதும். இலக்குக்குக் குறுக்கே தரையில் நேராக ஒரு கோடு இழுங்கள். கோட்டின் மேல் பந்தை வைத்து 7 அயர்ன் என்கிற கிளப்பால் அடிக்கச் சொல்லுங்கள். மண் பெயர்ந்த தடம் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கமாகப் போயிருந்தால் அடி சரி. கோட்டுக்கு நாலு விரல் பின்னாலேயே மண் கிளம்பியிருந்தால், கிளப் பந்துக்கு வரும் முன்பே தரையில் இறங்கிவிட்டது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், பிள்ளையே குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்வான். கோடு அழிந்தால் மறுபடி ஒரு இழுப்பு.

இரண்டாவதுக்கு முகத்துக்குப் போடுகிற பவுடர். கிளப் முகத்தில் லேசாகத் தடவிவிட்டால், பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். அந்த வட்டம் நுனிப்பக்கம் விழுகிறதா, தண்டுப்பக்கம் விழுகிறதா என்று பத்து அடிக்குப் பார்த்தால் போதும், பையன் பந்துக்குத் தள்ளி நிற்கிறானா நெருங்கி நிற்கிறானா என்று உங்களுக்கே விளங்கும். விலை குறைந்த லாஞ்ச் மானிட்டர்கள் பலவும் இந்த ஒன்றைச் சொல்வதில்லை.

செயற்கைப் புல் பாய் வாங்கும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். பாயில் கிளப் முன்கூட்டியே இறங்கினாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும், பிள்ளை நன்றாக அடித்ததாக நினைத்துக்கொள்வான். மண் அப்படி எதையும் மறைக்காது. உங்கள் மைதானத்து மண்ணே நல்ல வாத்தியார்.

அந்த எழுபதாயிரத்தைப் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற கிளப்புகள், ஒரு நல்ல வலை, போனை வைத்து வீடியோ எடுக்க ஆடாமல் நிற்கிற முக்காலி, இவற்றுக்குச் செலவழியுங்கள். திசை பார்க்கக் குச்சி வேண்டுமென்றால் எலக்ட்ரிக் கடையில் வயரிங் பைப் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். நேராக இருக்கும், உடைந்தாலும் மனசு வலிக்காது.

கேள்வி: மாணவரின் ஸ்விங்கை (கிளப்பை வீசும் விதத்தை) போனில் ஸ்லோமோஷனில் எடுக்கிறேன். கிளப்பின் தண்டு வில் மாதிரி வளைந்து தெரிகிறது. பந்தில் படுகிற நொடி மட்டும் எப்போதுமே வீடியோவில் இல்லை. போன் பழுதா? வேறு போன் வாங்க வேண்டுமா?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: போனில் பழுதில்லை. போன் கேமரா ஒரு படத்தை முழுசாக ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழே வரிவரியாக எடுக்கிறது. முதல் வரி எடுத்துக் கடைசி வரிக்கு வருவதற்குள் கிளப் நகர்ந்துவிடுகிறது. அதனால் நேரான தண்டு வளைந்து தெரிகிறது. இதைப் பார்த்துவிட்டு 'உன் தண்டு ரொம்ப வளைகிறது, கெட்டியான தண்டு வாங்கு' என்று மாணவரிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் சொல்லாதீர்கள், அவருக்கு வீண் செலவு.

படுகிற நொடி ஏன் இல்லை என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணமாக ஆடுகிறவர் 7 அயர்னை மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார் என்று வையுங்கள். அது நொடிக்கு ஏறத்தாழ 33 மீட்டர். போனில் சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம். இரண்டு படத்துக்கு நடுவில் கிளப் தலை ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். ஸ்லோமோஷனில் நொடிக்கு 240 படம் எடுத்தாலும் இடைவெளி 14 சென்டிமீட்டர். பந்தும் கிளப்பும் ஒட்டியிருப்பதோ நொடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அது உங்கள் போனில் விழுந்தால் அதிர்ஷ்டம்தான்.

ஆகவே போனை வைத்துக் கிளப் முகம் இலக்குக்கு வலப்பக்கம் திரும்பியிருந்ததா இடப்பக்கம் திரும்பியிருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உடம்பைப் பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. தலை எவ்வளவு நகர்கிறது, இடுப்பு பந்தை நோக்கி முந்திக்கொண்டு வருகிறதா, கை மேலே போகும்போது முழங்கை எங்கே இருக்கிறது, எல்லாம் துல்லியமாகத் தெரியும்.

எடுக்கும் விதம்தான் முக்கியம். போனை மாணவரின் கை உயரத்தில் வையுங்கள். இலக்குக் கோட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தால், கேமரா அவருடைய கைகளுக்கு நேர் பின்னால் இலக்கைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு அடி இடமோ வலமோ தள்ளினால்கூட நல்ல ஸ்விங் கோணலாகத் தெரியும், கோணல் ஸ்விங் நன்றாகத் தெரியும். என் தோப்பில் முக்காலியின் மூன்று காலுக்கும் தரையில் செங்கல் பதித்திருக்கிறேன். போன வாரத்து வீடியோவையும் இந்த வாரத்து வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

நம் ஊர் வெயில் இதற்குப் பெரிய உதவி. வெளிச்சம் கூடினால் ஷட்டர் தானாகவே வேகமாகும், கிளப் மங்காமல் விழும். ஆனால் தென்னை நிழலில் எடுக்காதீர்கள். ஓலை நிழல் கோடு கோடாக விழுந்து, அதற்குள் தண்டு காணாமல் போய்விடும். நான் இரண்டு மரத்துக்கு நடுவில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறேன். அதன் முன்னால் தண்டு கருப்புக் கோடாகப் பளிச்சென்று தெரிகிறது. சித்திரை வைகாசியில் ஒன்பது மணிக்குமேல் போன் சுட்டுத் தானே அணைந்துவிடும். வகுப்பை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

படத்தை நிறுத்திக் கோடு போட, கோணம் அளக்க, கம்ப்யூட்டரில் கினோவியா என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் அதில் தொடங்குங்கள்.

கேள்வி: வளைகுடாவில் வேலை முடித்து ஊர் திரும்பியிருக்கிறேன். தஞ்சாவூர் பைபாஸ் பக்கம் எங்கள் நெல் குடோன் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் திரை, புரொஜக்டர் வைத்து உள்ளரங்க கோல்ஃப் தொடங்க நினைக்கிறேன். பயிற்சியும் தரலாம் அல்லவா? லாஞ்ச் மானிட்டரில் ரேடார் வகை நல்லதா, கேமரா வகை நல்லதா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: நல்ல யோசனை அண்ணே. நம் டெல்டாவில் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெளியே கால் வைக்க முடியாது. கூரைக்குக் கீழே ஓர் இடம் இருந்தால் பிள்ளைகள் பயிற்சியை விடாமல் தொடரலாம். முதலில் டேப் எடுத்துக் குடோனை அளந்துவிடுங்கள். உயரம் பத்து அடிக்குக் குறைந்தால் வளர்ந்த ஆள் டிரைவர் என்கிற மிக நீளமான கிளப்பை வீசப் பயப்படுவார். பயந்து வீசுகிற ஸ்விங்கை வைத்துப் பாடம் நடத்த முடியாது.

ரேடார் வகை பந்துக்குப் பின்னால் இருந்து, பறக்கிற பந்தைத் தொடர்ந்து பார்க்கிறது. டென்மார்க்கில் 2003ல் தொடங்கிய டிராக்மேன் இந்த வகையில் பேர் பெற்றது. பயிற்சி உலகம் அதற்கு ஒரு பெரிய நன்றிக்கடன் பட்டிருக்கிறது. கிளப் வீசுகிற பாதைதான் பந்து கிளம்பும் திசையைத் தீர்மானிக்கிறது என்று ரொம்ப காலம் சொல்லிக்கொடுத்தார்கள். அளந்து பார்த்தபோது, பெரும்பாலும் கிளப் முகம் பார்க்கிற திசையில்தான் பந்து கிளம்புகிறது என்று தெளிவானது. பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம் பந்தை வளைக்கிறது. வலப்பக்கம் வளைகிற பந்தைச் சரிசெய்ய இன்னும் இடப்பக்கம் வீசச் சொல்லிக் கெடுத்த காலம் அதோடு போயிற்று. அந்தப் பெட்டி இருபதாயிரம் டாலருக்கு மேல். தொடங்கும்போதே உங்களுக்கு அது வேண்டாம்.

கையடக்கமான சின்ன ரேடார்களும் உண்டு. கார்மின் ஆர்10 2021ல் வந்தபோது அமெரிக்காவில் 600 டாலர். திறந்த வெளிக்கு அருமையான பொருள். ஆனால் அதைப் பந்துக்கு ஆறேழு அடி பின்னால் வைக்க வேண்டும், பந்துக்கு முன்னாலும் எட்டடியாவது வேண்டும். பந்து சில அடியிலேயே திரையில் முட்டி நின்றுவிட்டால், சின்ன ரேடார் பந்தின் சுழற்சியை ஊகித்துத்தான் சொல்கிறது. வளைவுக் கணக்கு அதனால் பிசகும். பந்தில் உலோகப் புள்ளி ஒட்டினால் சில ரேடார்களுக்குச் சுழற்சி நன்றாகத் தெரியும். இன்னொன்று, அசைவதைப் பிடிப்பதுதான் ரேடாரின் வேலை. அதன் எதிரே பெரிய மின்விசிறி சுற்றக் கூடாது. நம் ஊர் குடோனில் மின்விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காது என்று உங்களுக்கே தெரியும்.

கேமரா வகை பந்தின் பக்கவாட்டில் இருக்கும். பந்து கிளம்பிய முதல் சில அங்குலத்தைப் படமெடுத்து, சுழற்சியை நேராக அளந்து, மீதித் தூரத்தைக் கணக்குப் போடும். இடம் குறைவாக இருக்கிற அறைக்கு இது பொருத்தம். நேர் வெயில் சில வகைகளுக்கு ஆகாது. ஆனால் குடோனுக்குள் அந்தத் தொல்லை இல்லை. இடதுகைக்காரர் வந்தால் பெட்டியை இடம் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உங்கள் இடத்துக்குக் கேமரா வகைதான் என்பது என் முடிவு.

கடையில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். வருஷச் சந்தா கட்டாவிட்டால் எந்தெந்த எண் நின்றுபோகும்? பழுதானால் இந்தியாவிலேயே பார்ப்பார்களா, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமா? மின்சாரம் விட்டுவிட்டு வருகிற இடமென்றால் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் கட்டாயம்.

பயிற்சி தரும்போது திரையில் இரண்டு எண்ணுக்குமேல் காட்டாதீர்கள். இருபது எண்ணைக் காட்டினால் மாணவர் ஒவ்வொரு அடிக்கும் திரும்பித் திரும்பித் திரையைப் பார்ப்பார், உடம்பைக் கவனிக்க மாட்டார். இன்று முகத்தின் திசை, அடுத்த வாரம் கிளம்பும் கோணம் என்று ஒவ்வொன்றாகப் போங்கள்.

கேள்வி: லீவில் ஊட்டி போய்க் கற்றுக்கொள்கிறேன். அங்கே 7 அயர்னால் அடித்த பந்து 150 மீட்டர் பறப்பதாக லாஞ்ச் மானிட்டர் மெஷின் காட்டியது. இங்கே நண்பரின் மெஷினில் 135தான். எது பொய்?
– கல்லூரி மாணவர், திருவையாறு

பதில்: இரண்டும் உண்மை தம்பி. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி நம் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. தடுக்கிற காற்று குறைந்தால் பந்து கூடுதலாகப் பறக்கும். பத்து சதவீத வித்தியாசம் அங்கே சர்வசாதாரணம். நல்ல மெஷின்களில் கடல்மட்டத்துக்கும் ஒரே வெப்பத்துக்கும் கணக்கை மாற்றிக் காட்டுகிற வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். இல்லையென்றால் தூரத்தை விட்டுவிட்டுப் பந்தின் வேகத்தை மட்டும் ஒப்பிடுங்கள், அது மலை ஏறினாலும் மாறாது. ஈரக்காற்று கனமானது, அதனால்தான் இங்கே தூரம் குறைகிறது என்று சிலர் சொல்வார்கள். ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடத் துளி லேசானது.

இங்கே வயலில் அடித்துப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உளுந்து பயறு எடுத்தபின், ஆற்றில் தண்ணீர் வரும் வரை தரை காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பந்து விழுந்து உருண்டால் வரப்பு வரை ஓடும், இல்லையென்றால் வெடிப்புக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும். அந்த மொத்தத் தூரத்தை நம்பாதீர்கள். பறந்து விழுந்த இடம்தான் கணக்கு.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. பெங்களூரில் மாமா வீட்டில் கோல்ஃப் பார்த்து ஆசைப்பட்டு, வீட்டில் விளையாடுகிறாள். மணிக்கட்டில் மாட்டுகிற சென்சார், காலுக்கடியில் போடுகிற அழுத்தப் பாய் என்று விளம்பரம் வருகிறது. வாங்கித் தரலாமா? கும்பகோணத்தில் வேறு என்ன செய்வது?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அம்மா, அந்தக் கருவிகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். மணிக்கட்டு எவ்வளவு மடிகிறது, எடை எந்தக் காலுக்கு எப்போது போகிறது என்று சரியாகவே காட்டும். ஆனால் அதைப் படித்துப் பொருள் சொல்லப் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் வேண்டும். தனியாகப் பிள்ளையிடம் கொடுத்தால், அவள் எண்ணைச் சரிசெய்யக் கையை விறைப்பாக்கிக்கொள்வாள். விளையாட்டில் இருக்கிற சந்தோஷமும் போய்விடும். மாமா கொடுத்தது பெரியவர் கிளப்பை வெட்டிச் சுருக்கியதா என்று முதலில் பாருங்கள். வெட்டினால் நீளம் குறையும், தலையின் கனம் குறையாது. தண்டும் விறைப்பாகிவிடும். வாங்குவதானால் அவள் உயரத்துக்கு லேசான கிளப் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம் வீட்டுக்குள்ளேயே அவள் உலகத்தரத்துக்குப் பழகக்கூடிய ஒரு பாகம் இருக்கிறது. பட்டர் என்கிற, உருட்டுவதற்கான கிளப்பால் பந்தைக் குழியை நோக்கி உருட்டுவது. பெங்களூரின் அதிதி அசோக் 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம் பிடித்தார். கடைசி நாள் வரை பதக்கத்துக்குப் போட்டியிட்டார். அங்கே தூரமாக அடித்தவர்களின் வரிசையில் அவர் இல்லை. உருட்டுவதில் இருந்த நிதானத்தால்தான் அந்த இடத்துக்கு வந்தார். 2023ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெள்ளியும் வாங்கினார். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைக்கும் நாலங்குல பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 110. அதில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, பந்து நுழைய ஒரு பக்கம் வாசல் விட்டுக் கூடத்தில் வையுங்கள். உள்விட்டம் நிஜக் குழியைவிடக் கொஞ்சம் சின்னது, பழக அதுவே நல்லது. தரை வழவழப்பாக இருந்தால் ஜமுக்காளம் விரித்துக்கொள்ளலாம். பந்துக்கு ஒரு சாண் முன்னால் இரண்டு தீப்பெட்டியை நிறுத்தி, நடுவில் பந்து போகிற அளவுக்கு இடம் விடுங்கள். தீப்பெட்டியைத் தட்டாமல் பந்து போனால் பட்டர் முகம் நேராக இருந்தது என்று அர்த்தம். உருட்டலில் திசையை ஏறத்தாழ முழுக்கத் தீர்மானிப்பது அந்த முகம்தான். தாளம் தப்பாமல் அடிக்க, போனில் தாளம் தட்டிக் காட்டுகிற இலவச மெட்ரோனோம் செயலி ஒன்று இருந்தால் போதும். பாட்டு கற்கிற பிள்ளையென்றால் அதுகூட வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகனுக்கு இங்கிருந்தே ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோ மங்கலாக இருக்கிறது. காசு கொடுத்து ஆப் வாங்கலாமா?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: வீடியோவை 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வந்தால் வாட்ஸ்அப் அதைச் சுருக்காது, படம் படமாக நிறுத்திப் பார்க்கலாம். ஒரு மாணவருக்கு அது போதும். ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஆன்ஃபார்ம், வி1 போன்ற செயலிகள் வசதி. வீடியோவின் மேல் கோடு போட்டு, உங்கள் குரலையும் பதிந்து அனுப்பலாம். எந்தச் செயலியானாலும் வீடியோக்களின் பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள். உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் பயன்படுத்திய கோச்சஸ் ஐ செயலி 2022ல் மூடப்பட்டது.

பையன் போட்டிக்குப் போகிறவன் என்றால் விதியும் சொல்லிக்கொடுங்கள். தூரம் அளக்கும் கருவியை 2019 முதல் விதி அனுமதிக்கிறது. போட்டி நடத்துகிறவர்கள் தடுத்திருந்தால் மட்டும் கூடாது. ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிற வசதியை அணைத்துவைக்க வேண்டும். பயிற்சியில் அதைப் போட்டே பழகினால் போட்டியன்று கண் தடுமாறும். இப்போதே அணைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மீன்வலையை கோல்ஃப் வலையாகக் கட்டலாமா?
– வேதாரண்யம் வாசகர்

பதில்: கட்டலாம். என்னுடையதே மல்லிப்பட்டினத்தில் வாங்கிய நைலான் வலைதான். 2018 கஜா புயலில் தென்னைகள் சாய்ந்து வெட்டவெளியான பக்கத்தில் கட்டியிருக்கிறேன். கண் ஒரு அங்குலத்துக்குமேல் இருக்கக் கூடாது. கோல்ஃப் பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர்தான், ஆனால் வேகமாக வரும்போது வலையின் கண் விரிந்துகொடுக்கும். இழுத்துக் கட்டாமல் தொளதொளவென்று தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டினால் பந்து அடித்தவர் மேலேயே திரும்பி வரும். ஒன்றரை முழம் பின்னால் இன்னொரு வலை தொங்கட்டும். வெயிலில் நைலான் இற்றுப்போகும். பந்து படுகிற இடத்தை வாரம் ஒருமுறை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் தெறித்தால் அன்றைக்கே மாற்றுங்கள், ஒட்டுப்போட வேண்டாம். வலைக்குப் பின்னால் ஆடு மாடு கட்டக் கூடாது, பிள்ளைகளை நிற்கவே விடக்கூடாது.